பெட்ரோல் மெஷினைக் கெடுத்தது பேட்டரி மெஷின்தான்

ஆனைமலைப் பக்கம் இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு எங்களுக்கு. தென்மேற்கு மழை ஓய்ந்ததும் ஒருமுறை, ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகு இன்னொரு முறை என்று பார்த்தீனியமும் நாயுருவியும் இடுப்பு உயரத்துக்கு எழுந்து நிற்கும், வேலியோரம் உண்ணிச்செடி வேறு. இதற்காகவே நாலு வருடம் முன்பு 52 சிசி டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் ஒன்று வாங்கினேன், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி ஓட்டும் புதர் வெட்டும் மெஷின். போன வருடம் ஆசைப்பட்டு ஒரு பேட்டரி மெஷினும் வாங்கினேன். எது வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த வோல்ட் கதை. நான் வாங்கிய பேட்டரி மெஷினின் பெட்டியில் 48 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஒரு பேட்டரி மக்கர் செய்தபோது திருப்புளியால் கழற்றிப் பார்த்தால் உள்ளே வரிசைக்கு ஐந்து செல். ஒரு லித்தியம் செல் முழுச் சார்ஜில் 4.2 வோல்ட், ஐந்துக்கும் சேர்த்து 21, சராசரியாக ஓடும்போது 18. அவ்வளவுதான் சங்கதி. ஸ்டிக்கரில் என்ன எண் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், செல்லை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும்.

18 வோல்ட், 4 ஆம்பியர் ஹவர் (Ah) என்றால் ஒரு பேட்டரியில் இருக்கும் சக்தி 72 வாட் ஹவர் (Wh). ஒரு லிட்டர் பெட்ரோலில் கிட்டத்தட்ட 9,000 வாட் ஹவர் இருக்கிறது, அதில் பெரும்பகுதி சூடாகவும் புகையாகவும் போய் ஆறில் ஒரு பங்குதான் பிளேடுக்கு வருகிறது என்று வைத்துக்கொண்டாலும் 1,500. அதாவது ஒரு லிட்டருக்குச் சமமாக என்னிடம் இருபது பேட்டரி இருக்க வேண்டும். இருப்பது இரண்டு. ஒன்று இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடும், அப்புறம் சார்ஜில் போட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார வேண்டியதுதான். உண்ணிச்செடிக்குள் விட்டால் அந்த இருபது நிமிடம்கூட இல்லை, தண்டு சுற்றிக்கொண்டு மோட்டார் கட் ஆகிவிடுகிறது.

ஆனால் வீட்டைச் சுற்றி, மாட்டுத் தொழுவத்தை ஒட்டி, கிணற்று மேட்டில் என்று வந்தால் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. எடை கம்மி, அம்மாவே எடுத்து ஓட்டுகிறார். காலை ஆறு மணிக்கு ஓட்டினாலும் மாடு மிரளுவதில்லை. பிளாஸ்டிக் பிளேடு என்பதால் சொட்டுநீர் பைப்பில் பட்டாலும் கீறலோடு தப்பிக்கிறது. பெட்ரோல் மெஷினின் மூன்று பல் பிளேடில் ஒரே நாளில் அந்தப் பைப்பை மூன்று இடத்தில் அறுத்தவன் நான், தழைக்குள் கிடந்தது கண்ணிலேயே படவில்லை.

பெட்ரோலுக்கு வருவோம். காடு மாதிரி வளர்ந்ததை வெட்ட அதுதான் மெஷின், இதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. புல்லுக்கு 3 மில்லிமீட்டர் நைலான் கயிறு, புதருக்கு மூன்று பல் பிளேடு, கட்டைவிரல் பருமன் சீமைக்கருவேலத்துக்கு வட்ட ரம்ப பிளேடு என்று மாற்றிக்கொண்டே போகலாம். பிளேடு நட்டு மட்டும் இடது மரை, வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் முதல் நாள் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தால் காபி டம்ளரைப் பிடிக்கும்போது கை நடுங்கும், காதில் ரீங்காரம் சாயங்காலம் வரை நிற்கும். காதடைப்பானும் கண்ணாடியும் கம் பூட்ஸும் இல்லாமல் தொடவே கூடாது, கல் எங்கிருந்து தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

பேட்டரி வந்த பிறகு என்ன ஆனதென்றால், சின்ன வேலைக்கெல்லாம் கை அதைத்தான் தேடியது. பெட்ரோல் மெஷின் நாலு மாதம் மூலையில் கிடந்தது, டேங்கில் பாதி பெட்ரோலோடு. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, எத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மறுபடி எடுத்தபோது ஸ்டார்ட் ஆகவே இல்லை, ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றதுதான் மிச்சம். பொள்ளாச்சி மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் காட்டினார், பெட்ரோல் போகும் சின்னத் துளையான ஜெட்டில் பிசின் மாதிரி அடைப்பு, டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வு விறைத்துக் கிடந்தது. "ஏனுங்கண்ணா, பெட்ரோல வடிச்சுப்போட்டு, தானா ஆஃப் ஆகற வரைக்கும் ஓட்டி வெச்சிருந்தா இந்தச் செலவு வந்திருக்குமாங்க?" என்றார். நியாயமான கேள்விதான்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஹோண்டாவின் 35 சிசி ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின் வைத்த மெஷின் வைத்திருக்கிறார், ஒரு நாள் இரவல் வாங்கி ஓட்டினேன். ஆயில் கலக்கும் தொல்லை இல்லை, புகை இல்லை, அதிர்வும் குறைவு. மறுபடி வாங்குவதாக இருந்தால் அதுதான் என் தேர்வு, விலை கூடுதல் என்றாலும் சரி. அரை ஏக்கருக்குள் இடம் வைத்திருப்பவர்கள் பேட்டரியே வாங்கிக்கொள்ளுங்கள், வருடத்துக்கு இரண்டு முறை புதர் வெட்ட ஆளையும் மெஷினையும் சேர்த்து வாடகைக்குக் கூப்பிட்டுவிடலாம்.

நான் இப்போது ஒவ்வொரு முறையும் டேங்கைக் காலி செய்துவிட்டுத்தான் வைக்கிறேன். வடித்த பெட்ரோலில் டூடி (2T) ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில், கலந்திருப்பதால் பைக்குக்கு ஊற்ற மனம் வருவதில்லை. ஃபோர் ஸ்ட்ரோக்காரர்தான் மரம் அறுக்கும் மெஷினுக்கு ஆகும் என்று கேனோடு வாங்கிப் போகிறார், கேன் மட்டும் இன்னும் திரும்பி வரவில்லை.