திருமண ஆல்பம் அச்சிடக் கொடுப்பவர்களுக்கு எச்சரிக்கை: 13,000 ரூபாய் என்று பேசி 22,400 ரூபாய் வாங்கிய லேப்

திருச்சியில் உள்ள ஒரு டிஜிட்டல் போட்டோ லேபிடம் நேற்று மாலை 9,400 ரூபாயை அநியாயமாகப் பறிகொடுத்துவிட்டு, அந்தக் கோபம் சற்றும் தணியாத நிலையில் இதை எழுதுகிறேன். லேபின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. ஆல்பமோ பெரிய அளவுப் படங்களோ அச்சிடக் கொடுக்கப்போகிறவர்கள் எதையெல்லாம் கவனிக்க வேண்டும் என்பதை இறுதியில் சொல்கிறேன்.

என் தங்கையின் திருமணத்தைப் படமெடுத்தவர் ஆல்பத்தின் பக்கங்களை முழுமையாக வடிவமைத்து, பென் டிரைவில் கொடுத்துவிட்டார். அச்சிடுவதும் கட்டுவதும் மட்டுமே மீதமிருந்த வேலை. 12க்கு 36 அங்குல அளவில் 30 ஷீட். ஷீட் ஒன்றுக்கு 350 ரூபாய் வீதம் 10,500 ரூபாய். மேலட்டைக்கும் பெட்டிக்கும் சேர்த்து 2,500 ரூபாய். ஆக மொத்தம் 13,000 ரூபாய் என்பது லேப் உரிமையாளரே கால்குலேட்டரில் கணக்குப் போட்டு என் பக்கமாகத் திருப்பிக் காட்டிய தொகை. லேமினேஷன் அந்த விலையிலேயே அடக்கம் என்றும், ரசாயன முறையில் கழுவி எடுக்கும் அசல் போட்டோ பேப்பரில்தான் அச்சிடுவோம் என்றும் அவராகவே சொன்னார்.

என் தந்தையின் வயதிருக்கும் அவருக்கு. மாதிரி ஆல்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் பரப்பி, தாளைத் தடவிப் பார்க்கச் சொல்லி, காபி வரவழைத்துக் கொடுத்து, தம் மகள் திருமணத்து ஆல்பத்தையும் இதே தாளில்தான் போட்டதாகச் சொன்னார். முன்பணமாக 6,000 ரூபாய் கொடுத்தபோது, ரசீதில் ஷீட் விலையையும் குறித்துக் கொடுங்கள் என்று கேட்டேன். "ரேட்டெல்லாம் எதுக்குத் தம்பி எழுதிக்கிட்டு, நான் சொன்னா சொன்னதுதான்" என்று தோளில் தட்டிக்கொடுத்தார். அந்த வயதில் ஒருவர் அவ்வளவு உரிமையோடு பேசும்போது அதற்கு மேல் வற்புறுத்த யாருக்குத்தான் வாய் வரும்? அந்த மரியாதையைத்தான் அவர் பின்னர் பணமாக மாற்றிக்கொண்டார்.

அவர்களே குறித்த தேதியில் ஆல்பம் தயாராகவில்லை. கட்டும் வேலை நடக்கிறது, லேமினேஷன் காய வேண்டும், வேலையாள் விடுப்பில் இருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வந்தது. தங்கை கணவரோடு துபாய்க்குப் புறப்படுவதற்கு முந்தைய நாளான நேற்றுதான் ஆல்பம் தயார் என்று அழைத்தார்கள். போய் நின்றால், 22,400 ரூபாய் என்று ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார்கள். ஷீட் விலை 450 ஆகியிருந்தது. அடக்கம் என்று சொன்ன லேமினேஷனுக்கு ஷீட்டுக்கு 60 வீதம் 1,800 ரூபாய். மேலட்டையும் பெட்டியும் 3,600 ரூபாய். முடித்துக் கொடுத்த வடிவமைப்பில் திருத்தம் செய்ததாக 1,500 ரூபாய். எல்லாவற்றுக்கும் மேலாக, தாங்களே தாமதப்படுத்திய வேலைக்கு 'அவசரக் கட்டணம்' என்று 2,000 ரூபாய்!

கேள்வி கேட்டதும் கல்லாவில் இருந்த பெண், ஓனரிடம்தான் பேச வேண்டும் என்றார். ஓனரைத் தொலைபேசியில் பிடித்தால், பேப்பர் விலை ஏறிவிட்டது, மேலாளரிடம் பேசுங்கள் என்றார். மேலாளரோ, ஓனர் சொன்னதைத்தான் போட்டிருக்கிறேன் என்றார். அன்று 'தம்பி' என்றழைத்தவர் நேற்று 'சார்' என்று பேசினார். முழுப் பணமும் தராமல் ஆல்பம் கைக்கு வராது என்பதில் மட்டும் மூவரும் ஒரே குரலில் இருந்தார்கள். முறையான பில் கேட்டேன். அதற்குத் தனியாக 18 சதவீதம் ஆகும் என்றார்கள். மறுநாள் தங்கை விமானம் ஏறுகிறாள் என்பது அவர்களுக்குத் தெரியும். முதல் நாளே பேச்சோடு பேச்சாகக் கேட்டு வைத்துக்கொண்டதுதான். மீதிப் பணத்தை ரொக்கமாக எண்ணி வைத்துவிட்டு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். பேசியதற்கு மேல் 9,400 ரூபாய்.

அத்தோடும் முடியவில்லை. ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் இரவு வீட்டுக்கு வந்து, முகங்கள் இருக்கும் இடத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக் காட்டினார். அசல் போட்டோ பேப்பரில் நிறம் புள்ளியில்லாமல் ஒரே சீராகப் படிந்திருக்கும். எங்கள் ஆல்பத்தில் பத்திரிகைப் படத்தில் தெரிவதுபோல நிறப் புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. அசல் தாளின் பின்புறத்தில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் மங்கலாக அச்சாகியிருக்கும் என்றும், ஆல்பத்தில் ஷீட்டுகளை முதுகோடு முதுகு ஒட்டிவிடுவதால் அது வெளியே தெரியாது என்றும் அவர் விளக்கினார். இன்று காலை இதைக் கேட்டதற்கு, "அதுவும் போட்டோ பேப்பர்தான் சார்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட்டார்கள். 9,400 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, சொன்ன தாளையும் போடவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழைத்துப் புகாரைப் பதிவு செய்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் மனு செய்யலாம். பில் தராமலிருப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை.

விரிவாக எழுத இப்போது மனம் ஒத்துழைக்கவில்லை. முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஷீட் விலை, தாளின் வகை, லேமினேஷன், அட்டை, பெட்டி, வரி எல்லாவற்றையும் சேர்த்த மொத்தத் தொகையை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள். எழுதித் தர மறுத்தால், அவர்கள் சொன்ன விலையை நீங்களே வாட்ஸ்அப்பில் அனுப்பி 'சரி' என்ற பதிலை வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டுவதற்கு முன் ஒரு ஷீட்டின் பின்புறத்தைக் காட்டச் சொல்லுங்கள். ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஆல்பம் உங்களுக்கு எந்த நாளில் தேவை, யார் எப்போது ஊருக்குக் கிளம்புகிறார்கள் என்பதைக் கடையில் யாரிடமும் சொல்லாதீர்கள்.