தாய்லாந்து கேம்பர் வேனுக்குப் பணம் கட்டவிருப்போர் கவனத்திற்கு

தாய்லாந்திலிருந்து பழைய கேம்பர் வேன் இறக்கித் தருவதாகச் சொல்லும் ஒரு தரகரிடம், கெடா மாநிலம் பீடோங்கில் வசிக்கும் எங்கள் பெரியப்பா 32,000 வெள்ளியைப் பறிகொடுத்திருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்ற அவர், பெரியம்மாவை அழைத்துக்கொண்டு ஊர் ஊராகக் கோயில்களுக்குப் போகவேண்டும் என்ற ஆசையில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) சேமிப்பிலிருந்து எடுத்த பணம் அது.

வேன் வராமல் இல்லை. படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் பொருத்திய வேன் புக்கிட் காயு ஹீத்தாம் எல்லை வழியாக வந்து வீட்டு வாசலில் நின்றதைப் பார்த்த பிறகுதான் மீதிப் பணத்தையும் அவர் கொடுத்தார். "எல்லையிலேயே ஜேபிஜே அனுமதி கிடைத்துவிட்டது ஐயா, நம்பர் பிளேட் மட்டும்தான் பாக்கி" என்று தரகர் காட்டியது ஐசிபி என்னும் பெர்மிட்டை. வெளிநாட்டில் பதிவான வாகனம் தற்காலிகமாக நம் சாலைகளில் ஓடுவதற்காக ஜேபிஜே, அதாவது சாலைப் போக்குவரத்துத் துறை, தருவது அது. அதை வைத்து எந்த வாகனத்தையும் இங்கே பதிய முடியாது.

முறையான இறக்குமதிக்கு முதலில் மித்தி எனப்படும் முதலீடு, வாணிப, தொழில் அமைச்சின் ஏபி என்னும் இறக்குமதி அனுமதி வேண்டும். அதன்பின் சுங்கத்துறையில் கே1 என்னும் இறக்குமதி அறிவிப்புப் பாரம் கொடுத்து வரிகளைக் கட்டி, வாகனத்தைப் பரிசோதனைக்கு உட்படுத்திய பிறகே ஜேபிஜே பதிவு செய்யும். வெளிநாட்டில் படித்தோ வேலை பார்த்தோ, அங்கே தம் பெயரில் வைத்திருந்த வாகனத்தோடு திரும்பும் மலேசியருக்கென்றே தனிநபர் ஏபி இருக்கிறது. தோட்டத்தை விட்டு வெளியே வேலை பார்த்திராத பெரியப்பாவுக்கு அது கிடைக்காது என்பது தரகருக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தே பணத்தை வாங்கியிருக்கிறார் என்பதுதான் எங்களால் பொறுக்க முடியாதது.

ஜேபிஜே முகப்பில் விசாரித்தபோது அந்த வேனின் சேசிஸ் எண் (வாகனத்தின் உடற்கூட்டில் பொறித்திருக்கும் அடையாள எண்) பதிவிலேயே இல்லை என்றார்கள். வரி கட்டாத வாகனம் என்று சுங்கத்துறை வேனை எடுத்துச் சென்றுவிட்டது. தரகர் கொடுத்த ரசீதிலோ சேசிஸ் எண் இல்லை, வேன் என்ற சொல்லும் இல்லை. "சேவைக் கட்டணம்" என்று மட்டும் இருக்கிறது. இப்படிப்பட்ட ரசீதை யார் நீட்டினாலும் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஏபியையும் கே1 பாரத்தையும் கேட்டு வாங்கி, சேசிஸ் எண்ணை வேனில் இருப்பதோடு நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்.

போலீசில் புகார் செய்திருக்கிறோம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே விசாரிக்கும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். சுங்கை பட்டாணி, செமெலிங் பக்கம் இதே போன்ற ரசீது வைத்திருப்பவர்கள், தரகரின் குரல் பதிவுகளை அழித்துவிடாமல், உடனே போலீஸ் நிலையத்துக்குச் செல்லுங்கள்.