40 செக்கன் வேலைக்கு 28,000 ரூபாய் கேட்டார்கள்

பம்பலப்பிட்டிப் பக்கம் ஈ-புக் ரீடர் திருத்தக் கொடுக்கிற எண்ணம் யாருக்காவது இருந்தால், கொடுக்க முன்னம் இதை ஒருக்கா வாசியுங்கள். கடையின் பெயரை எழுதவில்லை. கையில் பில் இல்லை. ஏன் இல்லை என்பதையும் சொல்கிறேன். ரீடர் எந்தக் கம்பனி என்பதும் தேவையில்லை, பிழை அதில் இல்லை.

போன மாதம் ஒரு இரவு நூலகம் என்ற இணையத்தளத்தில் இறக்கிய பழைய சஞ்சிகைகள் எண்பது தொண்ணூறை ஒரேயடியாக அதற்குள் ஏற்றினேன். எல்லாம் ஸ்கான் செய்த பிடிஎஃப், பாரம் கூடியவை. அடுத்த நாள் காலை 101 பஸ்ஸில் வாசித்துக்கொண்டு போகும்போது பக்கம் அப்படியே நின்றுவிட்டது. தட்டினாலும் அசையவில்லை. பவர் பட்டனை அமத்தினேன், ஒன்றுமில்லை. இரவு முழுக்க சார்ஜில் போட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் அதே பக்கம்.

கடையில் இருந்த தம்பி வாங்கி இரண்டு தரம் திருப்பிப் பார்த்தார். "அக்கா, படம் அப்பிடியே நிக்குது பாருங்கோ, டிஸ்பிளே போயிட்டுது." புதுசு வெளிநாட்டில் இருந்து எடுக்கோணுமாம், 28,000. கழட்டிப் பார்க்கிற கூலி மட்டும் 3,500, அதை முதலே வைக்க வேண்டும். வைத்தேன். ஒரு துண்டுக் கடதாசியில் என் போன் நம்பரை எழுதி ரீடரில் ஒட்டினார். பில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பின்னால் ஆறேழு பேர் நின்றார்கள், பஸ்ஸுக்கும் நேரமாகிவிட்டது.

"படம் அப்பிடியே நிக்குது" என்ற அந்த ஒரு வசனத்தில்தான் நான் ஏமாந்தேன். ஈ-புக் ரீடரில் இருக்கிற இந்த மை மாதிரித் திரைக்குப் (ஈ-இங்க் என்பார்கள்) படத்தை வைத்திருக்க மின்சாரமே தேவையில்லை. பக்கம் மாறுகிற நேரம் மட்டும்தான் மின்சாரம் எடுக்கும். பட்டரி முழுக்க இறங்கினாலும் கடைசியாக வந்த படம் அப்படியே இருக்கும். ஆகவே படம் நிற்பது, உள்ளே இருக்கிற மென்பொருள் இறுகிவிட்டது அல்லது பட்டரி இறங்கிவிட்டது என்பதற்குத்தான் கூடுதலாக அடையாளம். திரை உடைந்திருந்தால் கோடுகள் விழும், ஒரு மூலை கறுப்பாகப் படரும், அல்லது பாதித் திரை மாற மற்றப் பாதி மாறாமல் நிற்கும். என்னுடையதில் இது ஒன்றுமே இல்லை.

நாலு நாள் கழித்துப் போன் வந்தது. இப்போது "போர்டும் சந்தேகம்", மென்பொருள் திரும்பப் போட்டுப் பார்க்கலாம், ஆனால் உள்ளுக்குள் இருக்கிறது எல்லாம் அழியும். வேண்டாம் என்று போய் எடுத்து வந்தேன். நல்லகாலம். காசு கொடுத்து வாங்கிய புத்தகம் கணக்கில் இருந்து திரும்ப இறங்கும். நாங்களாக ஏற்றியது போனால் போனதுதான்.

அன்றிரவு அக்காவின் மகளிடம் புலம்பினேன்.

"சித்தி, பட்டனை எவ்வளவு நேரம் அமத்தினனீங்கள்?"

"ஒரு பத்து செக்கன்."

"காணாது. நாற்பது வரைக்கும் எண்ணுங்கோ, கையை எடுக்காதேங்கோ."

அமேசானின் ரீடரான கிண்டிலுக்கு 40 செக்கன் என்று அமேசானின் உதவிப் பக்கத்திலேயே இருக்கிறதாம். மற்றக் கம்பனிகளுக்குக் கணக்கு வேறாக இருக்கலாம், உங்களுடையதைப் பாருங்கள். முப்பத்தைந்து எண்ணும்போது திரை கறுத்து வெளுத்தது. கொஞ்ச நேரத்தில் என் சஞ்சிகைகள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அவ்வளவையும் ஒரே இரவில் ஏற்றியதுதான் அதைத் திணறடித்தது என்று நினைக்கிறேன். புதுசாக ஏறுகிற ஒவ்வொன்றையும் தேடலுக்காக அது உள்ளே பதிந்துகொண்டிருக்குமாம். இப்போது பத்துப் பத்தாக ஏற்றுகிறேன்.

அதற்கும் எழும்பாவிட்டால், கணினியில் சொருகாமல் சுவர் சார்ஜரில் இரண்டு மூன்று மணித்தியாலம் போட்டுவிட்டுத் திரும்ப அமத்தச் சொன்னாள். கேபிளையும் ஒருக்கா மாற்றிப் பார்க்கச் சொன்னாள். கடைக்குப் போவது அதற்குப் பிறகுதானாம்.

அடுத்த நாள் ரீடரைக் கொண்டுபோய்க் காட்டி 3,500ஐக் கேட்டேன். தம்பி சிரித்துக்கொண்டு, "நாங்க கழட்டிப் பூட்டினபடியாத்தான் அக்கா வேலை செய்யுது" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு முறையிடுகிற 1977 என்ற போன் இலக்கம் நினைவுக்கு வந்தது, ஆனால் எதைக் காட்டி முறையிட? கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டும் என்று அந்த அதிகாரசபையின் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் இருக்கிறது. நான்தான் கேட்கவில்லையே.

கழட்டியது மட்டும் உண்மை. ஓரம் முழுக்கக் கத்தியால் நெம்பின கீறல், இடது மூலை சரியாக அமரவில்லை. தண்ணி புகாது என்று சொல்லி வாங்கிய சாமான். இப்போது மழை இருட்டினால் அதை வீட்டில் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.