ராணிப்பேட்டை மருந்து ஆலையில் ரெஸ்பிரேட்டர் ஃபிட் டெஸ்ட் சேவை: ஒரு மதிப்பீடு

சுற்றுச்சூழல், உடல்நலம், பாதுகாப்பு ஆகிய மூன்றையும் ஒரே துறையின் கீழ் வைத்திருக்கும் பெரிய மருந்து நிறுவனம் ஒன்றின் ராணிப்பேட்டை ஆலையில் பணிபுரிகிறேன். இந்தப் பக்கத்து ஆலைகளில் இத்துறையின் கவனமும் செலவும் கழிவுநீரின் பக்கமே சாய்ந்திருக்கும். பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் தொடர்பாக 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பையும், சிப்காட் தொழிற்பேட்டையில் ஆண்டுக்கணக்கில் குவிந்து கிடந்த குரோமியக் கழிவையும் அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இராது. ஆனால், ஆலைக்குள் நின்று மருந்துத் தூளைச் சலிப்பவர் எந்தக் காற்றைச் சுவாசிக்கிறார் என்ற கேள்விக்கு அந்த அளவு இடம் கிடைப்பதில்லை. ஆலைக்கே நேரில் வந்து ஒவ்வொருவருக்கும் ரெஸ்பிரேட்டர் ஃபிட் டெஸ்ட், அதாவது சுவாசக் கவசம் முகத்தில் இடைவெளியின்றிப் பொருந்துகிறதா என்ற சோதனை, செய்து தரும் குழு ஒன்றை இந்தக் கோடையில் அழைத்தோம்.

முகக்கவசத்தின் மேல் ஐஎஸ் 9473 என்ற இந்தியத் தர முத்திரை இருந்தால், அதன் வடிகட்டும் திறன் சோதிக்கப்பட்டிருக்கிறது என்று நம்பலாம். அது குறிப்பிட்ட ஒருவரின் மூக்குத்தண்டிலும் தாடையிலும் இடைவெளியில்லாமல் உட்காருமா என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. ஹார்மோன், புற்றுநோய் மருந்து போன்ற வீரியமிக்க மூலப்பொருள்களுக்கு ஒரு கன மீட்டர் காற்றில் அனுமதிக்கப்படும் அளவே மைக்ரோகிராம் கணக்கில் இருக்கும்போது, விளிம்பில் மயிரிழை அளவு இடைவெளி இருந்தாலும் வடிகட்டியின் தரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சோதனை நடக்கும் விதம் எளிமையானது. தலைக்கு மேல் ஒளி ஊடுருவும் கூடு ஒன்றை மாட்டி, டெனடோனியம் பென்சோயேட் என்னும் கடுங்கசப்புப் பொருளின் மிக நீர்த்த கரைசலை உள்ளே பீய்ச்சுகிறார்கள். முதலில் கவசமில்லாமல் பீய்ச்சி, சோதிக்கப்படுபவருக்குக் கசப்பு எத்தனை முறை பீய்ச்சியதும் தெரிகிறது என்று குறித்துக்கொள்கிறார்கள். "இன்னாம்மா இது, வேப்பங்கொழுந்தக் கடிச்ச மாதிரி கீது" என்றார் எங்கள் மூத்த ஆபரேட்டர் ஒருவர். வாய் கொப்பளித்து, சிறிது நேரம் கழித்துக் கவசம் அணிந்த பின், இன்னும் செறிவான கரைசலோடு உண்மையான சோதனை தொடங்குகிறது. இப்போது கசப்புத் தெரிந்தால் விளிம்பில் கசிவு இருக்கிறது என்று பொருள். இயல்பாக மூச்சு விடுவது, ஆழ்ந்து மூச்சு விடுவது, தலையைப் பக்கவாட்டில் திருப்புவது, மேலும் கீழும் அசைப்பது, பேசுவது, குனிவது, மறுபடி இயல்பான மூச்சு என்று ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடிக்கும். பேசும் கட்டத்தில் அச்சடித்த பத்தியை வாசிக்கத் தயங்கியவர்களை, மனப்பாடமாகத் தெரிந்த எதையும் சொல்லலாம் என்று குழுவின் பெண் சோதனையாளர் விட்டுவிட்டார். அதே ஆபரேட்டர் சத்துவாச்சாரி, ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடு என்று தாம் தினமும் வரும் பஸ்ஸின் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, மேல்விஷாரத்தில் கசப்புத் தட்டியதும் கையை உயர்த்தினார். கன்னம் ஒட்டிய அவர் முகத்துக்கு மீடியம் அளவு பெரிது. ஸ்மால் கொடுத்ததும் சரியாகிவிட்டது.

இந்தச் சேவையின் மதிப்பே இங்குதான் இருக்கிறது. கொள்முதல் பிரிவு ஒரே அளவில் மொத்தமாக வாங்கிக் குவித்த கவசங்கள் பேக்கிங் பகுதிப் பெண்களில் பலருக்குப் பொருந்தவில்லை என்பது இதற்கு முன் எந்தத் தணிக்கையிலும் வெளிவரவில்லை. குழு மூன்று அளவுகளையும் இரண்டு வேறு வடிவங்களையும் கையோடு கொண்டு வந்திருந்ததால், தோல்வியடைந்தவரை அப்படியே அனுப்பிவிடாமல் மாற்றுக் கவசத்தோடு அங்கேயே மறுபடி சோதித்தார்கள். தாடி வைத்திருந்தவர்களைச் சோதிக்க மறுத்ததும் சரியான முடிவே. வேண்டுதலுக்காகத் தாடி வளர்ப்பவரிடம் மழிக்கச் சொல்வதைவிட, முகத்தை இறுக்கிப் பிடிக்க வேண்டாத, வடிகட்டிய காற்றை விசிறியால் உள்ளே செலுத்தும் தலைக்கூடு ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுப்பது நிர்வாகத்தின் பொறுப்பு.

குறைகளும் உண்டு. சுவையை வைத்துச் செய்யும் இந்தச் சோதனை, பொருத்தக் காரணி (கவசத்துக்கு வெளியே உள்ள செறிவு உள்ளே இருப்பதைப் போல் எத்தனை மடங்கு என்ற எண்) 100 வரைக்கும்தான் செல்லும். முழுமுகக் கவசத்தை அதன் முழுப் பாதுகாப்பை நம்பி அணிபவருக்கு 500 வேண்டும். அதற்குக் கவசத்தின் உள்ளும் புறமும் துகள்களை எண்ணும் கருவி தேவை. கருவி இருக்கிறது என்று விலைப்புள்ளியில் எழுதியிருந்தவர்கள், வந்த பிறகு அது பழுதுநீக்கத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள். அறிக்கையும் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தரும் அட்டையும் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு இந்தியில் விளக்க அவர்களிடம் ஆள் இல்லை. எங்கள் ஸ்டோர்ஸ் எழுத்தர்தான் மொழிபெயர்த்தார். சோதனைக்கு முந்தைய 15 நிமிடங்களில் எதையும் உண்ணவோ குடிக்கவோ புகைக்கவோ கூடாது என்பதை முன்கூட்டியே சொல்லாததால், டீ நேரத்துக்குப் பின் வந்த வரிசை முழுவதும் காத்திருக்க நேர்ந்தது.

நாங்கள் கேட்காமலே அவர்கள் சொன்ன ஒன்றைக் குறிப்பிட வேண்டும். டைகுளோரோமீத்தேன் என்னும் கரைப்பானைக் கையாளும் பகுதியினர் தேர்ச்சி அட்டையை வாங்கிக்கொண்டு எழுந்தபோது, சோதனையாளர் அவர்களை மறுபடி உட்கார வைத்தார். அந்தக் கரைப்பானின் கொதிநிலை ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸ். நம் மே மாத வெயில் அதைத் தாண்டுவது வழக்கம். அதன் ஆவிக்குக் கவசத்தில் மாட்டும் கரித்துகள் கார்ட்ரிட்ஜ் (வடிகட்டிக் குப்பி) வெகு சீக்கிரம் தீர்ந்துவிடும் என்பதால், முகத்தில் எவ்வளவு இறுக்கமாகப் பொருந்தினாலும் அந்த வேலைக்கு அது உதவாது, குழாய் வழியே தூய காற்று வரும் கவசமே வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். அட்டைகளை எண்ணிக் கட்டணம் வாங்கும் சேவையிடம் இந்த நேர்மையை நான் எதிர்பார்க்கவில்லை.

அழைக்க விரும்புவோர் துகள் எண்ணும் கருவி உண்டா, அதன் அளவீட்டுச் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்பவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காற்றாடியை நிறுத்திவிட்டும் உட்காரக்கூடிய அறை, பக்கத்தில் தண்ணீர்க் குழாய், கண்ணாடி ஒன்று ஆகியவற்றை ஆலைதான் ஏற்பாடு செய்ய வேண்டும். ஆண்டுதோறும் மறுசோதனை தேவை. எடை கணிசமாகக் கூடினாலோ குறைந்தாலோ, பல் கட்டினாலோ அதற்கு முன்பே தேவைப்படும். அதனால் அடுத்த முறை இதை மருத்துவப் பரிசோதனை நடக்கும் வாரத்திலேயே வைக்கச் சொல்லியிருக்கிறோம்.