1966 டைனமோவா, புது அல்டர்னேட்டரா?

என் எம்.ஜி.பி. (பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்) 1966 ஒக்டோபரில் இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் செய்தது. கேய்டனில் இருக்கும் பிரித்தானிய மோட்டார் தொழில் பாரம்பரிய அறக்கட்டளைக்கு சேசி எண்ணை அனுப்பிக் காசு கட்டினால் திகதியோடு சான்றிதழே தருவார்கள். ஆனால் கார் திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதில் பூட்டியிருந்த டைனமோவில் (பற்றரியை சார்ஜ் பண்ணுவது) 71 என்று, அதாவது 1971 என்று, அடித்திருந்தது. இடையில் யாரோ மாற்றியிருக்கிறார்கள், அதுவும் எரிந்துபோய்த்தான் கிடந்தது.

இந்தக் காரின் மின்பாகங்களைச் செய்த லூக்காஸ் கொம்பனியின் பாகங்களில் காலத்துக்குக் காலம் மாதமும் வருடமுமாகவோ வாரமும் வருடமுமாகவோ எண் அடித்திருப்பார்கள். காரின் திகதிக்குச் சில மாதம் முந்திய பாகம் என்றால் பொருத்தம், பிந்தியது என்றால் அது பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இவ்வளவுதான் சங்கதி.

எனக்கு முன்னால் இருந்த வழிகள்: ஒன்று, கொழும்பு பஞ்சிகாவத்தையில் அலைந்து எடுத்த பழைய சி40/1 டைனமோ, '8 66' என்று அடித்தது. எட்டை மாதமாக எடுத்தாலும் வாரமாக எடுத்தாலும் ஒக்டோபருக்கு முந்தியதுதான். மற்றது, டைனமோவின் வேலையைச் செய்யப் பிறகு வந்த அல்டர்னேட்டர், புதிதாக. டைனமோ உடம்புக்குள் ஒளித்துவைத்த அல்டர்னேட்டரும் வருகிறது, வெளியே பார்த்தால் தெரியாது.

வெளிச்சம், சார்ஜ் என்று பார்த்தால் அல்டர்னேட்டர்தான் வெல்லும், அதில் வாதமே இல்லை. சி40/1 எவ்வளவு முக்கினாலும் 22 அம்பியருக்கு மேல் தராது, ஐட்லிங்கில் அதுவும் இல்லை. இரவில் மழைக்குள் வைப்பரையும் லைட்டையும் ஒன்றாகப் போட்டால் சார்ஜ் போதாது என்று காட்டும் சிவப்பு விளக்கு கண் சிமிட்டும். மின்விசிறி, பாட்டுப்பெட்டி எல்லாம் பூட்டப்போகிறவர் இதற்கு மேல் வாசிக்கத் தேவையில்லை, அல்டர்னேட்டரையே வாங்குங்கள்.

ஆனால் 1967 கடைசியில் அடுத்த வடிவமான மார்க் 2 வரும்வரை எம்.ஜி.பி. பொசிட்டிவ் ஏர்த், அதாவது பற்றரியின் பிளஸ் முனைதான் காரின் உடம்போடு சேர்ந்திருக்கும். சாதாரண அல்டர்னேட்டர் போடுவதென்றால் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு 6 வோல்ட் பற்றரிகளையும் திருப்பி, கொயில் வயரை மாற்றி, ஆர்.பி.எம். மீட்டரைப் பிரித்து உள்ளுக்குள்ளும் மாற்ற வேண்டும். ஒரு பாகத்தை மாற்றப்போய் நாலு இடத்தில் கைவைக்கிற வேலை.

என்னை முடிவெடுக்க வைத்தது அதுகூட இல்லை, எங்கள் ஊர்க் காற்று. உவர்மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல். மாரியில் வாடை அடிக்கத் தொடங்கினால் கதவுப் பிணைச்சல்கூட உப்புப் பிடித்துக் கத்தும். இந்த ஊரில் எது பழுதாகாது என்று கேட்பதில் அர்த்தமில்லை, பழுதானால் யார் திருத்துவார் என்றுதான் கேட்க வேண்டும். டைனமோவுக்குள் இருப்பது ஆர்மேச்சர், ஃபீல்ட் கொயில், இரண்டு கார்பன் பிரஷ், முன்னால் ஒரு பேரிங், பின்னால் ஒரு வெண்கலப் புஷ். அதனால் அந்த 66 டைனமோவையே மோட்டார் சுற்றுகிற அண்ணனிடம் கொடுத்தேன். கொமியூட்டேட்டரை லேத்தில் லேசாகக் கடைந்து, பிரஷ் மாற்றி, புது புஷ்ஷை ஒரு நாள் முழுக்க எண்ணெயில் ஊறப்போட்டு அடித்துத் தந்தார். "தம்பி, இதில மர்மம் ஒண்டும் இல்ல, வயரும் இரும்பும்தானே" என்றார். அல்டர்னேட்டரில் டயோட்டோ ரெகுலேட்டரோ போனால் அதே அண்ணன் கையை விரிப்பார், பிறகு வெளிநாட்டிலிருந்து பார்சல் வரும்வரை கார் சீலைக்குள் தூங்கும். பின் புஷ்ஷுக்கு இடைக்கிடை இரண்டு சொட்டு எஞ்சின் ஒயில் விட வேண்டும், அதைத்தான் முக்கால்வாசிப் பேர் மறந்து டைனமோவைக் கொல்கிறார்கள்.

எனக்கு இதில் இரண்டு மாரி அனுபவம்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் கழித்து என்ன சொல்வேனோ.

பழசெல்லாம் பொன் என்றும் இல்லை. பிரேக் சீல், ஹோஸ், ரப்பர் எல்லாம் புதிதுதான், அதில் திகதி பார்ப்பவனுக்குப் பைத்தியம். பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துக்கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் சுற்றும் ரோட்டர் மட்டும் விதிவிலக்கு. புதிதாக வாங்கிப் போட்டது ரிவிட் வழியாக ஷாஃப்டுக்கு ஷோர்ட் ஆகி நிலாவெளி வீதியில் நட்டநடு வெயிலில் என்னை இறக்கிவிட்டது. ரிவிட் இல்லாத வகை இருக்கிறது, அதைத் தேடிப் போடுங்கள்.

இன்னொரு வழியும் சொன்னார்கள்: 71ஐ அரத்தால் ராவிவிட்டு எண் பஞ்சால் 66 அடித்துவிடு என்று. விற்கும்போது யாருக்குத் தெரியும் என்கிறார்கள். ராவிய இடம் வாங்க வருபவனுக்குத் தெரியாவிட்டாலும் பொனட்டைத் திறக்கும்போதெல்லாம் எனக்குத் தெரியுமே.

டிஸ்ட்ரிபியூட்டர் இன்னும் 68தான். ஆனால் நன்றாக ஓடுகிறது, அதனால் இப்போதைக்குக் கழற்றுகிற எண்ணமில்லை.