மஞ்சள் குளிசையும் என் ஃபெரிட்டினும்

மஞ்சள் சாறும் பச்சைத் தேயிலைச் சாறும் சேர்ந்த அன்டிஒக்சிடன்ட் குளிசையை, முழங்கால் வலிக்காக ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தேன். வெள்ளவத்தையில் எந்த மருந்துக்கடைக்குப் போனாலும் இந்த வகைப் போத்தல்கள் கண்ணுக்கு நேரே அடுக்கியிருக்கும். நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன்: மாடிப்படி ஏறும்போது இருந்த பிடிப்பு ஓரளவு தணிந்தது. தோல் பளபளக்கும் என்றும் போத்தலில் எழுதியிருந்தது. கண்ணாடி அப்படி எதையும் காட்டவில்லை.

இரும்பின் கதைதான் வேறு. உடலில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் இரத்தப் பரிசோதனை அளவுதான் ஃபெரிட்டின். தொடங்குமுன் 38 ஆக இருந்த அது, அடுத்த பரிசோதனையில் 14. ஹீமோகுளோபினோ 12.4 இலிருந்து 12.1 ஆகத்தான் இறங்கியிருந்தது. அதை மட்டும் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். உடல் முதலில் சேமிப்பில்தான் கைவைக்கும். ஃபெரிட்டின் 15க்குக் கீழே போனால் இரும்புக் குறைபாடு என்பது பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல். வைத்தியர் மாதவிடாய், வயிற்றுப்புண், இரத்தப்போக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டு விலக்கிய பிறகு, "வேறு என்ன எடுக்கிறீர்கள், போத்தலோடு கொண்டு வாருங்கள்" என்றார்.

மஞ்சளிலுள்ள குர்க்குமினும் பச்சைத் தேயிலையின் கட்டெச்சின்களும் குடலில் இரும்பைப் பற்றிப் பிடித்து, உடலில் சேரவிடாமல் தடுக்கக்கூடியவை. இறைச்சி, மீனில் உள்ள இரும்பை இது அவ்வளவாகப் பாதிப்பதில்லை. நானோ மரக்கறிக்காரி, பருப்பும் பொன்னாங்காணியும் முருங்கையிலையும்தான் என் இரும்பு. போதாததற்குக் குளிசையை மதியச் சோற்றோடு விழுங்கி, கையோடு ஒரு பிளேன்டீயும் குடிப்பேன். கறிக்குப் போடும் மஞ்சளைப் பற்றி நான் பேசவில்லை; குளிசையில் இருப்பது செறிவாக்கிய சாறு, உறிஞ்சலைக் கூட்ட மிளகுச் சாறும் சேர்த்தது.

வேடிக்கை என்னவென்றால், விற்றமின் சீயும் அன்டிஒக்சிடன்ட்தான். அது செய்வது நேர் எதிரான வேலை: தாவர இரும்பைக் குடல் எளிதில் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அதற்காக மச்சாள் வாங்கிவந்த நுரைக்கும் மாத்திரையை நான் பெரிதாக மெச்ச மாட்டேன். 2020இல் வெளிவந்த சீன ஆய்வொன்றில் 440 இரத்தசோகை நோயாளிகளில், இரும்பு மாத்திரையை மட்டும் எடுத்தவர்களும் விற்றமின் சீயையும் சேர்த்து எடுத்தவர்களும் ஏறக்குறைய ஒரேயளவே தேறினார்கள். சம்பலில் பிழியும் தேசிக்காய் எனக்குப் போதும். தலசீமியாவோ உடலில் இரும்பு மிகும் நோயோ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் விற்றமின் சீ மாத்திரை பக்கம் போகவே கூடாது.

குளிசையை நிறுத்தினேன், தேநீரைச் சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளினேன், வைத்தியர் தந்த இரும்பு மாத்திரையும் எடுத்தேன். ஃபெரிட்டின் இப்போது 41. மூன்றில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. முழங்கால் பிடிப்பு கொஞ்சம் திரும்பியிருக்கிறது, அதற்கு இப்போது பிசியோதெரபிக்குப் போகிறேன். இதே வகைக் குளிசை எடுக்கும் மரக்கறிக்காரப் பெண்கள், அடுத்த பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினையும் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.