செடி பெயர் சொல்லும் ஆப்: உண்ணிச்செடியில் மாட்டிக்கொண்டது

போட்டோ எடுத்தால் செடியின் பெயரைச் சொல்லும் ஆப் ஒன்றுக்கு ஒரு வருடச் சந்தா கட்டி, மண்டபம், பாம்பன், ஏர்வாடி என்று கொண்டு திரிந்தேன். அடப்பங்கொடி, காலைக் குத்தும் ராவணன் மீசை, குடைவேல் மரம் எல்லாவற்றையும் பட்டென்று சொல்லிவிட்டது. அதுவரை சந்தோஷம்தான்.

பாம்பனில் ஒரு வேலியோரம் ஒரே உண்ணிப் புதரை நான்கு படம் எடுத்தேன். மூன்று பெயர் வந்தது! மஞ்சள் தூக்கலான கொத்துக்கு ஒன்று, சிவப்புக்கு ஒன்று, இலைக்கு இன்னொன்று, அதுவும் ஒவ்வொன்றுக்கும் பச்சை டிக் போட்டு. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த அக்கா எட்டிப் பார்த்து, "இது உண்ணி தம்பி, ஆடு தின்னா ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆப் அந்த விஷத்தைப் பற்றி மூச்சே விடவில்லை.

கோளாறு எங்கே என்றால், ஆப் நிறத்தை நம்புகிறது. இந்தப் பூ விரியும்போது மஞ்சள், மகரந்தச் சேர்க்கை ஆனதும் ஆரஞ்சு, சிவப்பு, இளஞ்சிவப்பு என்று மாறும். கொத்தில் ஓரத்துப் பூ மூத்தது, நடுப்பூ இளையது. ஒரே கொத்திலேயே இத்தனை நிறம் இருக்க, அதை வைத்து இனம் பிரித்தால் எப்படி?

சரி, ஆப்பை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்த ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் லண்டானா கமரா என்று பெயர் வைத்த, அமெரிக்கக் கண்டத்து வெப்பமண்டலச் செடி இது, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்தது. தோட்டக்காரர்கள் உறவு இனங்களோடு கலந்து கலந்து நூற்றுக்கணக்கில் ரகம் உண்டாக்கினார்கள், அதெல்லாம் வேலி தாண்டிக் காட்டுக்குள் போய்த் தங்களுக்குள்ளும் கலந்துகொண்டன. செல்லுக்குள் மரபணுக்களைச் சுமக்கும் குரோமோசோம்களின் எண்ணிக்கையே 22, 33, 44 என்று செடிக்குச் செடி வேறு. தாவரவியலாளர்களே இலையின் மயிரையும் பூவுக்கு அடியில் இருக்கும் செதிலையும் வைத்து இன்னும் வாதாடுகிறார்கள். அந்த மயிர் என் போன் கேமராவில் விழவே இல்லை. நகைக்கடைக்காரர் வைத்திருக்கும் 10 மடங்கு லென்ஸில்தான் தெரிந்தது, அது சந்தாவை விட மலிவு. தொட்டியில் படர்ந்து ஊதாப் பூ மட்டும் பூக்கிற வகை தனி இனம், அதை மட்டும் ஆப் தப்பில்லாமல் சொன்னது.

புகார் அனுப்பினேன். தெளிவான படம் அனுப்பச் சொல்லிப் பதில் வந்தது. "லண்டானா, இதற்கு மேல் தெரியாது" என்று நிறுத்திக்கொள்ள ஒரு வழி வைத்தால் போதும் என்று திரும்ப எழுதியிருக்கிறேன், பதில் இல்லை.

இன்னொன்று, தனுஷ்கோடி கடைசியில் இருக்கும் அரிச்சல்முனைப் பக்கம் சிக்னல் போனால் ஆப்பும் படுத்துவிடும். படம் எடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் ஏற்றுங்கள். மணல்வெளிச் செடிகளுக்கு 5க்கு 4, உண்ணிக்கு 1. சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை, இலவசப் பதிப்பே போதும்.